மின்ஸ் பையில் கறி இருக்கிறதா? கிறிஸ்துமஸுக்கு அதை உண்பதன் பொருள் என்ன?

நான் சைவம். இங்கிலாந்துக்கு வந்த முதல் டிசம்பரில், அலுவலக மேசையில் இருந்த மின்ஸ் பைகளை (mince pie), அதாவது மாவு ஓட்டுக்குள் பூரணம் வைத்துச் சுட்ட சிறு பண்டங்களை, 'மின்ஸ்' என்றால் கொத்துக்கறி என்பதால் கறி அடைத்தவை என்று எண்ணி, இரண்டு வாரங்கள் தொடாமலே இருந்தேன். ஆகவே உங்கள் ஐயம் எனக்குப் புதிதன்று.

உள்ளே இருப்பது உலர்திராட்சை, ஆப்பிள், பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல், பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சிறிது பிராந்தி ஆகியவை சேர்ந்த இனிப்புப் பூரணம். ஆயினும் பெயர் பொய் சொல்லவில்லை. 1615-இல் வெளிவந்த ஜெர்வஸ் மார்க்கமின் இல்லத்தரசியர் கையேட்டில், ஆட்டுத்தொடைக் கறியைப் பொடியாகக் கொத்தி, கொழுப்பு, திராட்சை, பேரீச்சை, ஆரஞ்சுத் தோல் ஆகியவற்றுடன் கலந்து அடைக்கும்படிதான் சொல்லப்பட்டிருக்கிறது. சர்க்கரை மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பதினெட்டாம் நூற்றாண்டில் இனிப்பு மேலோங்கியது. 1747-இல் சமையல் நூலாசிரியர் ஹன்னா கிளாஸ் எழுதிய செய்முறையில் இறைச்சி, விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் பொருளாகிவிட்டது. சர்க்கரையின் அந்த மலிவுக்குப் பின்னால் கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்கள் இருந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

கறி போனாலும் கொழுப்பு தங்கிவிட்டது. மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் 'சூயட்' என்னும் கொழுப்பைப் பழைய முறைப்படி இன்றும் பூரணத்தில் சேர்ப்பவர்கள் உண்டு. கடைகளில் விற்பவற்றில் தாவரக் கொழுப்பு இருப்பதே பெரும்பான்மை என்றாலும், சைவர்கள் பெட்டியின் பின்புறத்தைப் படித்துவிட்டு, 'சூயட்' என்பதற்கு முன்னால் 'வெஜிடபிள்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பொருளைப் பற்றிப் பலவாறு சொல்வார்கள். பழங்காலத்தில் நீள்சதுரமாகச் செய்யப்பட்டதால் அது குழந்தை இயேசு கிடத்தப்பட்ட முன்னணையை, அதாவது மாட்டுத் தீவனத் தொட்டியைக் குறிக்கும் என்றும், மணப்பொருள்கள் கீழ்த்திசை ஞானிகளின் காணிக்கையை நினைவூட்டும் என்றும், இயேசுவையும் பன்னிரு சீடர்களையும் எண்ணிப் பதின்மூன்று பொருள்கள் சேர்க்க வேண்டும் என்றும் கூறுவர். பண்டம் முதலில் வந்தது, விளக்கங்கள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டன என்பது என் கருத்து. அது கிறிஸ்துமஸுக்கு மட்டும் உரியதாகவும் இருக்கவில்லை: 1662 ஜனவரி 6 அன்று ஒரு திருமண நாள் விருந்தில், மணமாகிப் பதினெட்டு ஆண்டுகள் ஆனதற்காகப் பதினெட்டு மின்ஸ் பைகளை ஒரே தட்டில் வைத்திருந்ததாகச் லண்டனில் கடற்படை அதிகாரியாக இருந்த சாமுவேல் பெப்பீஸ் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

கிறிஸ்துமஸ் அன்று இதை உண்பது சட்டவிரோதம் என்ற கதையையும் நீங்கள் கேட்டிருக்கலாம். 1647-இல், பியூரிட்டன்கள் எனப்பட்ட கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினர் மேலோங்கியிருந்த நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தையே ஒழித்தது உண்மை. மின்ஸ் பைக்கென்று தனிச் சட்டம் எதுவும் இல்லை, 1660-இல் மன்னராட்சி மீண்டபோது அந்தத் தடையும் செல்லாததாயிற்று.

கிறிஸ்துமஸ் தொடங்கிப் பன்னிரண்டு நாளும் நாளுக்கொன்றாக உண்டால் வரும் பன்னிரண்டு மாதமும் நலமாக அமையும் என்பது இங்குள்ள நம்பிக்கை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு ஒரு மின்ஸ் பையும் ஒரு குவளை ஷெரி மதுவும், அவருடைய கலைமானுக்கு ஒரு கேரட்டும் எடுத்து வைப்பார்கள். நீங்கள் உண்ணும்போது சூடாக்கி உண்ணுங்கள். ஆனால் மேல் ஓடு ஆறிய பிறகும் உள்ளிருக்கும் பூரணம் கொதித்துக்கொண்டிருக்கும் என்பதை, முதல் கடியிலேயே நாக்கைச் சுட்டுக்கொண்டவன் என்ற முறையில் சொல்லி வைக்கிறேன்.