விசுவாசமா, கிரியையா? – கேள்வி பதில்

கேள்வி: நியாயப்பிரமாணத்தின் கிரியைகள், அதாவது செயல்கள், இல்லாமல் விசுவாசத்தினாலே மனுஷன் நீதிமானாக்கப்படுகிறான் (தேவனுக்கு முன் நீதியுள்ளவனாக ஏற்கப்படுகிறான்) என்கிறது ரோமர் 3:28. விசுவாசத்தினால் மாத்திரமல்ல, கிரியைகளினாலும் என்கிறது யாக்கோபு 2:24. ஐயா, எதைப் பிடித்துக்கொள்வது?

பதில்: ரோமர் நிருபத்தை எழுதிய பவுலும் யாக்கோபும் சாட்சிக்கு அழைப்பது ஆபிரகாம் என்ற ஒரே ஆளைத்தான். ஆனால் அவருடைய வாழ்வில் வெவ்வேறு நாட்களைக் காட்டுகிறார்கள். பவுல் எடுப்பது ஆதியாகமம் 15. பிள்ளையில்லாத முதியவர் வெளியே வந்து நட்சத்திரங்களை அண்ணாந்து பார்க்கிறார், வாக்குத்தத்தத்தை நம்புகிறார், அது அவருக்கு நீதியாக எண்ணப்படுகிறது. யூதருக்கு அடையாளமான விருத்தசேதனம் வருவதோ 17ஆம் அதிகாரத்தில். யூதரல்லாத புறஜாதியாருக்கும் வாசல் திறந்திருக்கிறது என்று காட்ட, பவுலுக்கு இந்த வரிசை முக்கியம்.

யாக்கோபு எடுப்பது 22ஆம் அதிகாரம்: ஆபிரகாம் பலியிடக் கொண்டுபோகும், விறகைச் சுமந்து மலையேறும் மகன் ஈசாக்கு. யாக்கோபின் எரிச்சலும் வேறு ஆட்கள்மேல். உடுக்கத் துணியில்லாமல், பசியோடு நிற்கும் சகோதரனை வாயால் வாழ்த்திவிட்டு வெறுங்கையோடு அனுப்புகிறவர்கள்மேல். பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று அவர்களைக் குத்துகிறார். அது தலையாட்டும் விசுவாசம். பவுல் சொல்வது தன்னையே ஒப்புக்கொடுக்கும் விசுவாசம். இதைப் பிரித்துப் பார்க்காமல் வசனத்தோடு வசனத்தை மோதவிடுவதில் பயனில்லை.

கேள்வி: சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் வேதத்தில் ஒரு சொல்லைச் சேர்த்தது உண்மையா?

பதில்: உண்மை. 1522இல் வந்த அவருடைய ஜெர்மன் புதிய ஏற்பாட்டில், ரோமர் 3:28இல் 'விசுவாசத்தினாலே' என்பதோடு 'மாத்திரம்' என்பதைச் சேர்த்தார். கிரேக்கத்தில் அது இல்லை. ஜெர்மன் நடை அதைக் கேட்கிறது என்று பின்னர் வாதாடினார். அதையாவது ஏற்கலாம், யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் என்றதுதான் அவசரப் பேச்சு.

கேள்வி: நற்செயலால் மோட்சத்தைச் சம்பாதிக்கலாம் என்றுதானே கத்தோலிக்கர் போதிக்கிறார்கள்?

பதில்: இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் நீதிமானாக்கப்படுதல் பற்றி 1547இல் நிறைவேற்றிய முதல் விதியே, கிறிஸ்துவின் அருளின்றித் தன் செயலால் நீதிமானாகலாம் என்பவரைக் கண்டிக்கிறது. நீதி நம்மேல் எண்ணப்படுகிறதா, நமக்குள் ஊற்றப்பட்டு வளர்கிறதா என்பதில்தான் இரு தரப்புக்கும் சண்டை. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன் உலகச் சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. லூத்தரன்கள் எல்லாரும் அதை ஏற்கவில்லை.

கேள்வி: சிலுவையில் தொங்கிய கள்ளன் ஒரு நன்மையும் செய்யாமலேயே பரதீசுக்குப் போனானே?

பதில்: ஞானஸ்நானம்கூட அவனுக்கு இல்லை, போனது முழுக்கக் கிருபையால்தான். ஆனால் லூக்கா 23ஐ மெதுவாகப் படியுங்கள். இயேசுவை இகழ்ந்த மற்றக் கள்ளனைக் கடிந்துகொள்கிறான். தன் தண்டனை நியாயம் என்று ஒப்புக்கொள்கிறான். இவர் தகாததொன்றும் செய்யவில்லை என்று எல்லார் முன்பாகவும் சொல்கிறான். சிலுவையில் அசைய முடியாமல் தொங்கியவனுக்கு மிஞ்சியிருந்தது நாவு ஒன்றுதான். அதை அவன் சும்மா வைத்திருக்கவில்லை.