வானியல் கேள்வி பதில்: சென்னையில் கண்ட சில்வியா

கேள்வி: சென்னையிலிருந்து சிறுகோள் கண்டுபிடித்தார்களாமே, உண்மையா? (தஞ்சாவூர் வாசகி)

உண்மைதான். நுங்கம்பாக்கத்தில் இயங்கிய மதராஸ் வானாய்வகத்தில் வானியலாளர் நார்மன் போக்சன் 1861-இல் 'ஆசியா' என்ற சிறுகோளைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் அது. ஆனால் அவர் கண்டவற்றுள் நமக்கு அதிகம் கற்றுத் தந்தது, 1866 மே 16 அன்று கண்ட 87-ஆம் எண் சில்வியாதான்.

பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை 1 என்று கொண்டால், சில்வியா சராசரியாக 3.48 மடங்கு தொலைவில், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உள்ள சிறுகோள் பட்டையின் வெளியோரத்தில் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 6.5 ஆண்டுகள். பாதை பூமியின் பாதைக்கு ஏறத்தாழ 11 பாகை சாய்ந்தது.

கேள்வி: யாரும் போய் இறங்காத கல்லின் நிறையை எப்படிச் சொல்கிறார்கள்? (கோவை கல்லூரி மாணவர்)

சில்வியாவுக்கு இரண்டு துணைக்கோள்கள் உண்டு. ரோமுலஸ் 2001-இல் ஹவாயின் கெக் தொலைநோக்கியில் தெரிந்தது. ரீமஸ் இருப்பது 2005-இல் அறிவிக்கப்பட்டது. இரு துணைக்கோள்கள் உள்ள சிறுகோளாக முதலில் அறியப்பட்டது சில்வியாதான். துணைக்கோள் இருந்தால் தராசு கிடைத்த மாதிரி: அது எவ்வளவு தூரத்தில், எவ்வளவு காலத்தில் சுற்றுகிறது என்பதே நடுவிலுள்ள கல்லின் நிறையைச் சொல்லிவிடும்.

கணக்கை நீங்களே போடலாம். ரோமுலஸின் சுற்றுப்பாதை ஆரம் 1,357 கி.மீ., சுற்றுக்காலம் 3.65 நாள். ஆரத்தை மீட்டராகவும் (13,57,000) காலத்தை நொடியாகவும் (3,15,360) மாற்றுங்கள். ஆரத்தின் மும்மடியை 4π²-ஆல் பெருக்கி, ஈர்ப்பு மாறிலியாலும் (6.674 × 10⁻¹¹) காலத்தின் இருமடியாலும் வகுத்தால் சுமார் 1.5 × 10¹⁹ கிலோ வரும். விடை நூறு கோடி மடங்கு குறைந்து வந்தால், கிலோமீட்டரை மீட்டராக்க மறந்திருக்கிறீர்கள். மும்மடியில் அந்தப் பிழை அவ்வளவு பெருகும்.

நிறையைவிட விட்டம்தான் தொல்லை. சில்வியா உருண்டை அல்ல, நீண்டது. அதே கன அளவுள்ள உருண்டையின் விட்டம் சுமார் 274 கி.மீ. என்று கொண்டால், அடர்த்தி தண்ணீரைப்போல் 1.4 மடங்கு வருகிறது. விட்டத்தில் 10 சதவீதம் பிசகினாலே கன அளவு 33 சதவீதம் மாறிவிடும். பிரகாசத்தை மட்டும் வைத்து விட்டம் கணிப்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். சில்வியா கரியைப்போல் இருண்டது, விழும் ஒளியில் 4 முதல் 5 சதவீதத்தையே திருப்பி அனுப்புகிறது. 20 சதவீதம் என்று தவறாக வைத்துக்கொண்டால் விட்டம் பாதிக்கும் கீழே போய்விடும்.

1.4 என்பது திடமான பாறைக்குப் பொருந்தாத எண். மோதலில் உடைந்த துண்டுகள் ஈர்ப்பால் மறுபடி ஒன்றுசேர்ந்து, இடையிடையே வெற்றிடம் விட்டு நிற்கின்றன என்றே கொள்ளவேண்டியிருக்கிறது. நடுவே பனியும் இருக்கக்கூடும்.

கேள்வி: வீட்டுத் தொலைநோக்கியில் தெரியுமா? (மதுரை வாசகர்)

சில்வியா தெரியும், துணைக்கோள்கள் தெரியா. சூரியனுக்கு எதிர்ப்பக்கம் வரும் காலத்தில், அதாவது ஏறத்தாழ 14 மாதத்துக்கு ஒருமுறை, அதன் பிரகாச எண் (எண் கூடக்கூட மங்கல்) 11 முதல் 12 வரை இருக்கும். ஊர் வெளிச்சம் இல்லாத இடத்தில் 8 அங்குலத் தொலைநோக்கி போதும். உருவத்தை வைத்து அடையாளம் காண முடியாது, நட்சத்திரப் புள்ளி போலவே இருக்கும். அந்தப் பகுதியை வரைந்துவைத்து மறுநாள் இரவு ஒப்பிடுங்கள். நிலவின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு நகர்ந்திருக்கும் புள்ளிதான் சில்வியா.

கேமரா இருப்பவர்கள் தன்சுழற்சியையும் அளக்கலாம். அருகிலுள்ள மாறாத நட்சத்திரம் ஒன்றோடு ஒப்பிட்டு, சில நிமிடத்துக்கு ஒரு படம் என்று தொடர்ந்து ஐந்தாறு மணி நேரம் எடுங்கள். பிரகாசம் ஏறி இறங்குவது ஏறத்தாழ 2 மணி 35 நிமிடத்துக்கு ஒருமுறை தெரியும். அதையே சுழற்சிக் காலம் என்று எழுதிவிடாதீர்கள். நீண்ட உடல் ஒரு சுழற்சியில் தன் அகன்ற பக்கத்தை இருமுறை காட்டும். உண்மையான காலம் அதன் இரு மடங்கு, 5 மணி 11 நிமிடம்.