"படிச்சு என்ன ஆகப்போகுது?" என்று கேட்கும் மகன்: திருப்பூர் அம்மாவுக்கு ஒரு பதில்

வணக்கம் அம்மா. வகுப்பாசிரியர் போன் செய்த பிறகுதான், பத்தாவது படிக்கும் மகன் வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகாமல் இருந்தது தெரிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டால், "படிச்சு என்ன ஆகப்போகுது, கம்பெனிக்கே போறேன்" என்கிறான். அவன் அப்பாவும் "போகட்டும் விடு" என்று சொல்ல ஆரம்பித்ததுதான் உங்களை அதிகம் கலங்கடித்திருக்கிறது.

அவன் கேள்வியை அதட்டி அடக்கிவிடாதீர்கள். உங்கள் அக்கா மகன் பி.இ. முடித்துவிட்டு பனியன் கம்பெனியில் பேக்கிங் பார்க்கிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இவன் அதைத் தினமும் பார்க்கிறான். பத்தாவதோடு நின்ற பக்கத்து வீட்டுப் பையன் சனிக்கிழமையானால் ஒன்றரை ஷிப்ட் சம்பளம் வாங்கி பைக்குக்குத் தவணை கட்டுகிறான். படித்தவன் கல்விக்கடன் கட்டுகிறான். பதினைந்து வயதில் இந்தக் கணக்கைப் போடுகிறவனை நான் சோம்பேறி என்று சொல்லமாட்டேன். கம்பெனி, இல்லாவிட்டால் பி.இ. என்று இரண்டே வழிதான் அவன் கண்ணில் பட்டிருக்கிறது.

நடுவில் உள்ள வழிகளைச் சொல்கிறேன். பத்தாவது தேறினால் ஐடிஐ என்ற தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர், எலக்ட்ரீஷியன் போன்ற இரண்டு வருடப் பிரிவுகளில் சேரலாம். அல்லது பாலிடெக்னிக்கில் மூன்று வருட டிப்ளமோ. ஐடிஐ முடித்தவர் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்; டிப்ளமோ முடித்தவர் பி.இ.யில் இரண்டாம் ஆண்டில் சேரலாம். உங்கள் ஊரிலேயே நிட்டிங் மெஷினைப் பழுது பார்ப்பவருக்கும் துணியை மடித்து அடுக்குபவருக்கும் சம்பளத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று அவன் அப்பாவையே விசாரிக்கச் சொல்லுங்கள். அரசுப் பள்ளியில் 6-ஆம் வகுப்பிலிருந்து படித்த மாணவர்கள் மேலே படித்தால், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதல் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பெரிய தொகை இல்லை. ஆனால் பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் வீட்டில் கையேந்த வேண்டியதில்லை. அந்த வயதுப் பையனுக்கு அது பெரிய விஷயம்.

இன்னொன்று. வகுப்பாசிரியரைப் பார்த்து, எந்தெந்த நாள் வரவில்லை என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்துக் குறித்து வாங்குங்கள். அந்த நாள்களில் என்ன பாடவேளை, என்ன டெஸ்ட் என்று ஒத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பாடமோ, ஒரு ஆசிரியரோ, வகுப்பில் பட்ட ஒரு அவமானமோதான் தொடக்கமாக இருக்கும். கணக்கு என்றால், அடிப்படையிலிருந்து சொல்லித்தர ஆள் தேடுங்கள். யாராவது அடிக்கிறார்கள், கேலி செய்கிறார்கள் என்றால் தலைமை ஆசிரியரிடம் பேச வேண்டியது நீங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலும் பேசலாம்.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: 18 வயது நிரம்பாதவரை ஆபத்தான வேலையில் வைப்பது சட்டப்படி குற்றம். இப்போது போனால் பெரும்பாலும் கணக்கில் வராத ஆளாகத்தான் வைத்துக்கொள்வார்கள்; அப்படியானால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் இருக்காது. பத்தாவதில் ஒரு பாடம் போனாலும் அதே வருடம் துணைத் தேர்வு உண்டு. அந்த பயத்தில் இப்போதே நிறுத்த வேண்டாம்.

ஒரு வேலை நாளில் அப்பாவும் மகனும் திருப்பூர் அரசு ஐடிஐக்குப் போய், அனுமதி கேட்டு பயிற்சிக் கூடத்தைப் பார்த்துவிட்டு வரட்டும். அங்கே முடித்தவர்கள் இப்போது எங்கே, என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள் என்ற கேள்வியை மகன் வாயாலேயே கேட்கட்டும்.