தோட்டப் பட்டணத்தில் இருந்துகொண்டு மின்சாரக் காரில் தூரப் பயணம் போக முடியுமா?

பக்கத்தில் சார்ஜரே இல்லாத ஊரில் இருக்கிறோம், குடும்பத்தோடு ஜொகூர் வரை போனால் நடுவழியில் நின்றுவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இருப்பது பேராக்கில், சுங்கை சிப்புட்டில். ஓட்டுவது புரோட்டோன் இ.மாஸ் 7, 60 யூனிட் பேட்டரி உள்ளது. இந்தக் காரை வாங்கிய நாளிலிருந்து டயர் கடையிலும் கோயில் கூட்டத்திலும் இதே கேள்வியைச் சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். நீங்கள் சிரிக்காமல் கேட்டதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விற்பனை முகவர் இல்லை. யாரும் எனக்குக் கமிஷன் தரவில்லை. டீசல் ஹைலக்ஸ் பிக்கப் வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், செம்பனைக் காட்டுக்குள் குலை ஏற்றப் போகிறவருக்கு அதுதான் சரி.

உங்களுக்கு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், தரைவீடு, முன்னால் கார் நிறுத்த இடம் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் கோலாலம்பூர் அடுக்குமாடிக் கொண்டோவில் இருப்பவரைவிட நீங்கள் கொடுத்து வைத்தவர். அவர் தன் பார்க்கிங்கில் ஒரு பிளக் போட நிர்வாகக் குழுவிடம் நடையாய் நடக்க வேண்டும். நமக்கு உரிமம் உள்ள வயர்மேன் ஒருவர் போதும். 7 கிலோவாட் சார்ஜர் பெட்டி மாட்டினால் ராத்திரி படுத்து எழுவதற்குள் பேட்டரி நிறைந்துவிடும். சாதாரண மூன்று முள் பிளக்கிலும் ஏறும், பத்து மணி நேரத்தில் சுமார் 20 யூனிட், அதாவது நூறு கிலோமீட்டருக்குக் குறையாத ஓட்டம். ஈப்போ போய்வர அதுவே மிச்சம். ஆனால் பழைய வயரிங் வீட்டில் இதைத் தினமும் செய்யாதீர்கள், பிளக் சூடேறும்.

சரி, ஜொகூருக்கு வருவோம்.

என் மனைவியின் அண்ணன் மகளுக்கு ஜொகூர் பாருவில் கல்யாணம். நானும் மனைவியும் மகனும், பின்சீட்டில் அத்தையும். எங்கள் வீட்டிலிருந்து சுமார் 550 கிலோமீட்டர். ஒரு முழுச் சார்ஜுக்குக் கம்பெனி சொல்வது, டபிள்யூ.எல்.டி.பி. என்ற சோதனைக்கூடக் கணக்கில், 410 கிலோமீட்டர். அதை நம்பித் திட்டம் போடக்கூடாது. நெடுஞ்சாலையில் 110ல், ஏர்கான் போட்டு, நாலு பேரும் பலகாரக் கூடையும் ஏறினால் எனக்குக் கிடைப்பது 300, 320. வேகத்தை 95க்குக் குறைத்தால் நன்றாகவே கூடும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறுகிறது, பெட்ரோல் காருக்கும் இதே கதைதான், அதில் யாரும் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

அத்தைக்குக் காரைவிடக் கரண்டின் மேல்தான் சந்தேகம். அவர் வளர்ந்த தோட்டத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு எஞ்சின் ஓடி லயத்துக்கு விளக்கு வரும், பத்து மணிக்கு நின்றுவிடும். "மாப்பிள்ள, பத்து மணிக்கு மேல கரண்ட் நின்னுட்டா எங்க போய்த் தள்ளுவீங்க?" என்று புறப்படும்போதே கேட்டார்.

விடிகாலை நாலு மணிக்கு, நூறு சதவீதத்தோடு கிளம்பினோம். தாப்பா ஓய்விடத்தில் பசியாறினோம். அங்கே வேக சார்ஜர் உண்டு, ஆனால் நான் போடவில்லை. பேட்டரி 70க்கு மேல் இருக்கும்போது போட்டால் மெதுவாகத்தான் ஏறும், காசும் நேரமும் வீண். முக்கால்வாசிப் பேர் பயத்தில் இந்த இடத்தில்தான் அரை மணி நேரத்தைத் தொலைக்கிறார்கள். கோலாலம்பூரை ஒட்டி சார்ஜர்கள் நிறைய, அங்கே 30க்குக் கீழே இறங்கியபின் போட்டேன். அத்தை கழிவறைக்குப் போய், தே ஓ குடித்து, ஜொகூருக்குப் போன் போட்டு வருவதற்குள் 80ஐத் தாண்டிவிட்டது.

நான் பின்பற்றும் விதி ஒன்றே ஒன்று. அடுத்த சார்ஜர் வரை போதுமா என்று பார்க்காதீர்கள், அதற்கும் அடுத்தது வரை போதுமா என்று பாருங்கள். தெற்கே ஓர் ஓய்விடத்தில் நுழைந்தபோது சார்ஜரின் இரண்டு துப்பாக்கி பிளக்கில் ஒன்று வேலை செய்யாமல் செத்துக் கிடந்தது. மற்றதில் ஒரு கார், திரையில் 92 சதவீதம். உள்ளே ஒரு பையன் சாய்ந்து படுத்து ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, எண்பதுக்கு மேல ரொம்ப மெதுவாத்தான் ஏறும். கொஞ்சம் விட்டுக் கொடுக்கலாமே?"

"நூறு ஆகட்டும் அங்கள்."

அவ்வளவுதான் பேச்சு. என்னிடம் 40க்குச் சற்றுக் குறைவாக இருந்தது, அடுத்த இடம் வரை தாராளம். காரைத் திருப்பிவிட்டேன். அடுத்ததில் ஆளே இல்லை. 15 சதவீதத்தில் வந்து நின்றிருந்தால் அந்தப் பையனுக்கு நூறு ஆகும்வரை வெயிலில் காவல் காத்திருக்க வேண்டும். பெருநாள் சமயத்தில், தீபாவளிக்கு முந்தைய வாரத்தில், இந்தக் கூத்து எல்லா இடத்திலும் இருக்கும் என்று எண்ணியே கிளம்புங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு செயலி, ஒவ்வொன்றிலும் முன்பணம். அதையெல்லாம் வீட்டிலேயே பதிந்து வையுங்கள்.

நேரத்துக்கே மண்டபத்துக்குப் போனோம். விருந்து இரவு 7 மணி என்று அழைப்பிதழில் பொன்னெழுத்தில் போட்டிருந்தது. பொண்ணும் மாப்பிள்ளையும் புகைக்கு நடுவே நடனமாடி உள்ளே வந்தது ஒன்பதரைக்கு. சோறு பத்தேகாலுக்கு. சர்க்கரை வியாதிக்காரரான அத்தைக்குக் கூடையிலிருந்த முறுக்கைத்தான் கொடுத்தோம். நம் ஆட்கள் கார் பேட்டரிக்குப் பயப்படுகிறார்கள், பசித்த கிழவிக்குப் பயப்படுவதில்லை. அழைப்பிதழில் நிஜ நேரத்தைப் போட்டால் யார் குடி முழுகிவிடும்? கேட்டால் "மாமாவுக்கு எப்பவும் கோபம்" என்பார்கள். போகட்டும்.

மலை ஏறாது என்று யாராவது உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். தாப்பாவிலிருந்து கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா சுமார் 1,400 மீட்டர் ஏற்றம். இரண்டு டன் எடையை அவ்வளவு உயரம் தூக்க, வழக்கமான ஓட்டச் செலவுக்கு மேல் ஏழெட்டு யூனிட் பிடிக்கும். இறங்கும்போது மோட்டாரே பிரேக் பிடித்து அதில் பாதிக்கு மேல் திருப்பித் தரும். பெட்ரோல் கார் எதையும் திருப்பித் தருவதில்லை.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் ஒரு யூனிட் சென் கணக்கு, நெடுஞ்சாலை வேக சார்ஜரில் ஒரு ரிங்கிட்டுக்கு மேல். ஆகவே தூரப் பயணத்தில் பெரிய மிச்சம் எதிர்பார்க்காதீர்கள், மிச்சமெல்லாம் தினசரி ஓட்டத்தில்தான். மாதம் மூன்று முறை ஜொகூர் போகிறவர் என்றால் நானே வேண்டாம் என்பேன். வருஷத்துக்கு நாலைந்து தடவை என்றால் தயங்காமல் வாங்குங்கள்.

உங்கள் வீட்டு மீட்டர் பெட்டியிலிருந்து கார் நிற்கும் இடம் எத்தனை அடி, வயரிங் எந்தக் காலத்தது என்று கீழே எழுதுங்கள். கம்பி எவ்வளவு பிடிக்கும், வயர்மேனிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.