கோடு எந்தப் பக்கம் போகிறது?

வணக்கம் ஐயா. சேலத்தில் எம்.எஸ்சி. உயிர்தகவலியல் இறுதியாண்டு படிக்கிறேன். பெருங்குடல் புற்றுநோயில் அளவு மாறும் 300 புரதங்களை, புரதங்களுக்கு இடையிலான தொடர்புகளைக் காட்டும் ஸ்ட்ரிங் தளத்தில் போட்டு, சைட்டோஸ்கேப் மென்பொருளில் வலைப்படம் வரைந்தேன். புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதம்தான் மையமாக வருகிறது. படத்தை இணைத்திருக்கிறேன். அடுத்து நிரல்மொழிகளில் பைத்தான் கற்பதா, ஆர் கற்பதா? சேலத்தில் இருந்துகொண்டே இந்தத் துறையில் மேலே வர முடியுமா? (பெயர் வேண்டாம்.)

கண்ணு,

உன் படத்தை மூன்று நாளாகத் திறந்து திறந்து பார்க்கிறேன். உழைப்பு தெரிகிறது. ஆனால் பி53 நடுவில் வந்ததைக் கண்டுபிடிப்பு போல எழுதியிருக்கிறாயே, அங்கேதான் கோபம் வந்தது. மனித மரபணுக்களிலேயே அதிகம் ஆராயப்பட்டது அதன் மரபணுதான். ஆள் நடக்க நடக்கத்தான் தடம் விழும். புற்றுநோய் சம்பந்தமாக எந்தப் பட்டியலைப் போட்டாலும் அது நடுவில் வந்து உட்காரத்தான் பார்க்கும்.

அதைவிடப் பெரிய தப்பு கோடுகளில். ஸ்ட்ரிங் ஒரு கோடு போடுகிறது என்றால், அந்த இரண்டு புரதமும் ஒட்டுவதைச் சோதனையில் பார்த்திருக்கலாம், அல்லது ஆய்வுச் சுருக்கங்களில் இரண்டு பெயரும் அடிக்கடி சேர்ந்து வந்திருக்கலாம். 0.4, 0.7 என்கிற மதிப்பெண், அந்தத் தொடர்பு உண்டு என்பதை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு. நீ தடித்த கோட்டைப் பார்த்து 'வலுவான சமிக்ஞை' என்று எழுதிவிட்டாய். எது எதன்மேல் பாஸ்பேட்டை (புரதத்துக்குச் சுவிட்ச் போன்ற வேதித் துணுக்கு) ஒட்டியது, ஒட்டியதும் அது விழித்ததா அடங்கியதா, எத்தனை நிமிடம் நீடித்தது, இதில் ஒன்றாவது உன் படத்தில் உண்டா?

என் அப்பா சேலம்–ஏற்காடு பஸ் ஓட்டியவர். பள்ளி விடுமுறையில் என்ஜின் மூடி ஓரமாக உட்கார்ந்து கூடவே போவேன். அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் நீளமாக ஹாரன் அடித்துவிட்டு, ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்து, தலையை ஜன்னல் பக்கம் சாய்த்துக் கேட்பார். மேலே இருந்து பதில் ஹாரன் வரும். ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குகிறவர் ஓரமாக நிற்பார். பனி இறங்கிய நாளில் அந்தச் சத்தம் மட்டும்தான் ரோடு. வரைபடத்தில் பார், சேலத்தையும் ஏற்காட்டையும் சேர்க்கும் ஒரு நெளிகோடு, அவ்வளவுதான். யார் நின்றார், யார் போனார் என்பது அதில் கிடையாது.

மழையில் மண் சரிந்தால் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடுவார்கள். நேரம் ஆகும், ஆனால் பஸ் ஏற்காடு போய்ச் சேர்ந்துவிடும். நீ எடுத்துக்கொண்ட அதே பெருங்குடல் புற்றுநோயில் இதுதான் நடந்தது. செல்லை வளரச் சொல்லும் பிராஃப் புரதத்தில் வி600இ என்கிற மாற்றம் இருந்தால் அதை அடைக்கும் வெமுராஃபெனிப் மருந்துக்கு, தோலில் வரும் மெலனோமாவுக்காக 2011இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதே மாற்றம் உள்ள குடல் கட்டிகளில் அது பெரிதாக வேலை செய்யவில்லை. பிராஃபை அடைத்ததும், அதுவரை கீழிருந்து வந்துகொண்டிருந்த தடை விலகி, மேலே இருக்கும், வளர்ச்சிச் சமிக்ஞையை வாங்கும் இஜிஎஃப்ஆர் ஏற்பி விழித்துக்கொள்கிறது, சமிக்ஞை வேறு வழியாக இறங்கிவிடுகிறது. 2012இல் இது தெரிந்தது. இரண்டையும் சேர்த்து அடைக்கும் மருந்துக் கூட்டுக்கு அனுமதி வர 2020 ஆனது. உன் 300 புள்ளி வலையில் பிராஃபும் இஜிஎஃப்ஆரும் இருக்கின்றன, நான் தேடிப் பார்த்தேன். நடுவில் ஒரு சாம்பல் கோடு. அம்பு இல்லை. எத்தனையோ நோயாளிகளின் விஷயம் அந்த அம்பில் இருந்தது கண்ணு.

அதனால் 300ஐ விடு. பத்துப் புரதம் எடு. சிக்னார், ரியாக்டோம் என்கிற தரவுத்தளங்கள் இரண்டிலும் திசையும், தூண்டுகிறதா தடுக்கிறதா என்பதும் இருக்கும். கோட்டுக்குக் கோடு மூலக் கட்டுரையை இறக்கிப் படி, எந்தச் செல்லில் செய்தார்கள் என்று குறித்துக்கொள். அப்புறம் கோபாசி என்கிற மென்பொருளில் அந்தப் பத்தை மட்டும் சமன்பாடாகப் போட்டு ஓட விடு, ஒன்றை அடைத்துப் பார், எது நிமிர்கிறது என்று பார்.

பைத்தானா ஆரா என்று கேட்டிருந்தாய். எது கைக்கு வருகிறதோ அது. சேலம் ஒரு குறையே இல்லை, இந்தக் கருவிகளைச் செலவில்லாமல் எங்கிருந்தும் எடுக்கலாம். அம்பு போட்ட பத்துப் புள்ளிப் படத்தை அனுப்பு, உட்கார்ந்து பார்க்கிறேன்.