கேள்வி-பதில்: இயங்குதளம் மாற்றுமுன் வாங்கும் ஹார்ட் டிஸ்க்

கேள்வி: மடிக்கணினியில் புதிய இயங்குதளம் ஏற்றவிருக்கிறேன். உள்ளே 512 ஜிபி இருக்கிறது. பேக்கப் எடுக்க எவ்வளவு கொள்ளளவுள்ள டிஸ்க் வாங்குவது?

பதில்: 1 டிபிக்குக் குறையாமல் வாங்குங்கள். பேக்கப் மென்பொருள்கள் பழைய பதிப்புகளையும் சேர்த்து வைப்பதால் இரு மடங்கு இடம் வேண்டும்.

கேள்வி: 2 டிபி டிஸ்க் வாங்கினேன்; விண்டோஸில் 1.81 டிபி என்றே காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. தயாரிப்பாளர்கள் ஆயிரத்தின் மடங்கிலும் விண்டோஸ் 1024-இன் மடங்கிலும் கணக்கிடுவதால் வரும் வேறுபாடு அது.

கேள்வி: இணையத்தில் மிகக் குறைந்த விலைக்கு 16 டிபி டிஸ்க் வாங்கிக் குடும்பப் புகைப்படங்களை ஏற்றினேன். கோப்புப் பெயர்கள் எல்லாம் தெரிகின்றன. பாதிப் படங்கள் திறக்கவில்லை. நான் ஏதேனும் தவறு செய்தேனா?

பதில்: தவறு உங்களுடையது அன்று, உங்களுக்கு நடந்தது அப்பட்டமான மோசடி. இத்தகைய பெட்டிகளுக்குள் பெரும்பாலும் சிறியதொரு மெமரி கார்டுதான் இருக்கும். அதன் கட்டுப்பாட்டுச் சிப், தன் கொள்ளளவு 16 டிபி என்று கணினியிடம் பொய் சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கும். உண்மையான இடம் நிரம்பியதும், புதிதாக வரும் தரவு பழையதன் மேலேயே எழுதப்படும், அல்லது எங்கும் எழுதப்படாமலே போகும். கோப்புப் பட்டியல் மட்டும் பிழைத்திருப்பதால் எல்லாம் பத்திரமாக இருப்பதுபோலத் தோன்றும். மறுபடி ஃபார்மட் செய்தாலும் இது சரியாகாது.

ஒரு பெயரில் விற்பனைக்கு வந்ததை நீக்கினால் மறுபெயரில் அதே பெட்டி வந்துவிடுகிறது; கமிஷனை வாங்கிக்கொள்ளும் விற்பனைத் தளங்கள், பொருளைச் சோதிக்கும் பொறுப்பை மட்டும் வாங்குபவர் தலையில் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆகவே எந்த டிஸ்க்கை வாங்கினாலும், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள், விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 போன்ற இலவச மென்பொருளால், முழு இடத்தையும் நிரப்பித் திரும்பப் படித்துச் சோதியுங்கள். மூலப் படங்கள் கணினியில் இன்னும் இருந்தால், இயங்குதள மாற்றத்தைத் தள்ளிப்போடுங்கள். சோதனை முடிவைப் படமெடுத்து, விளம்பரத்தின் நகலோடு இணைத்துப் பணத்தைக் கேளுங்கள். விற்றவர் மறுத்தால், பணம் செலுத்திய வங்கியிடமோ அட்டை நிறுவனத்திடமோ முறையிடுங்கள்.

கேள்வி: பேக்கப் விடிய விடிய ஓடியும் முடியவில்லை. டிஸ்க் பழுதா?

பதில்: முதலில் கேபிளைப் பாருங்கள். நான் வாங்கிய டிஸ்க் ஒன்றின் பெட்டியில் யூஎஸ்பி 3.0 என்று அச்சிட்டிருந்தார்கள். உள்ளே வைத்திருந்ததோ பழைய 2.0 கேபிள். 3.0 டிஸ்க்கின் அகலமான துளையில் ஒரு பாதி மட்டும் நிரம்பும்படி அதன் குறுகிய முனை பொருந்திவிடுவதால், டிஸ்க் வேலை செய்யும். ஆனால் 1 டிபியை நகலெடுக்க ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஆகும். விற்றவர் கேபிளை மாற்றித் தரவும் இல்லை.

கேள்வி: விண்டோஸ், மேக் இரண்டுக்கும் ஒரே டிஸ்க் போதுமா?

பதில்: போதும், கோப்புகளை ஏற்றுவதற்கு முன்பே அதை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். மேக்கின் டிஸ்க் யூட்டிலிட்டி மென்பொருளில் GUID Partition Map என்ற பிரிப்பு முறையைத் தேர்ந்து, மேக்கின் சொந்தப் பேக்கப் மென்பொருளான டைம் மெஷினுக்கு ஆப்பிளின் கோப்பு முறையான ஏபிஎஃப்எஸ்ஸில் ஒரு பகுதியும், விண்டோஸ் கோப்புகளுக்கு, இரண்டு கணினிகளும் படித்து எழுதக்கூடிய எக்ஸ்ஃபேட் முறையில் ஒரு பகுதியும் அமையுங்கள். ஃபேட்32 என்ற பழைய முறை வேண்டாம், 4 ஜிபியை எட்டும் கோப்பை அது ஏற்காது. விண்டோஸின் முறையான என்டிஎஃப்எஸ் என்றால் மேக் படிக்கும், எழுதாது.

கேள்வி: இடம் போதாததால் கணினியிலிருந்த எல்லாவற்றையும் டிஸ்க்குக்கு நகர்த்திவிட்டேன். அது கீழே விழுந்து இப்போது டிக் டிக் என்கிறது. வாரண்டியில் தரவை மீட்டுத் தருவார்களா?

பதில்: தரமாட்டார்கள். வழக்கமான வாரண்டி டிஸ்க்குக்குத்தான், அதிலுள்ள தரவுக்கு இல்லை; கீழே விழுந்ததற்கு அதுவும் கிடையாது. இருந்த ஒரே பிரதியை இடம் மாற்றிவிட்டு அதைப் பேக்கப் என்று அழைப்பவர்களின் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. இனி அந்த டிஸ்க்கை ஒருமுறைகூடச் செருகாமல், தரவு மீட்பு நிபுணரிடம் கொடுங்கள்.

கேள்வி: இயங்குதளம் மாறும்போது பேக்கப் டிஸ்க் செருகியே இருக்கலாமா?

பதில்: கூடாது. முறைப்படி வெளியேற்றிக் கழற்றி, வேறொரு கணினியில் சில கோப்புகளைத் திறந்து பார்த்த பிறகே தொடங்குங்கள். கணினியில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் மறையாக்க வசதி) இயங்கினால், அதன் 48 இலக்க மீட்புச் சாவியையும் காகிதத்தில் எழுதி வையுங்கள்.