லண்டன் புறநகர்த் தெருக்களில் பழைய வீட்டு வரிசைக்கு நடுவே நாலைந்து வீடு மட்டும் ஏன் வேறு மாதிரி இருக்கிறது?

தென்கிழக்கு லண்டனில் இருக்கும் லூயிஷாமுக்குக் குடிவந்த புதிதில் எனக்கும் இதே சந்தேகம். எங்கள் தெரு முழுக்க நூறு வருஷம் தாண்டிய செங்கல் வீடுகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. நடுவில் நாலு மட்டும் மொட்டையான முகப்போடு, பல் விழுந்த இடத்தில் பல் கட்டின மாதிரி. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டேன். "டூடில்பக்" என்றார், அவ்வளவுதான்.

டூடில்பக் என்றால் ஜெர்மனியின் வி-1. 1944 ஜூன் 13 முதல் லண்டன்மேல் விழத் தொடங்கிய, ஆளில்லாமல் பறக்கும் குண்டு. தலையில் சுமார் 850 கிலோ வெடிமருந்து. சைலன்சர் கழற்றிய மோட்டார் சைக்கிள் போலக் கடகடத்துக்கொண்டு வரும். சத்தம் தலைக்குமேல் கடந்து போனால் பிழைத்தீர்கள். தலைக்குமேல் நின்றால் பத்துப் பன்னிரண்டு வினாடிதான். மண்ணில் ஆழப் புதையாமல் மேலாகவே வெடிக்கும் என்பதால் சில வீடுகள் தரைமட்டமாகும், சுற்றுவட்டாரத்தில் நூற்றுக்கணக்கான வீடுகளின் ஓடும் கண்ணாடியும் பறக்கும்.

தென்கிழக்கில் மட்டும் ஏன் இத்தனை என்றால், கதை கொஞ்சம் கசப்பானது. ஜெர்மனி குறிவைத்தது டவர் பிரிட்ஜை. பல குண்டுகள் அதற்கு முன்னாலேயே தெற்கில் விழுந்தன. ஜெர்மனி தன் ஆட்கள் என்று நம்பிய, உண்மையில் பிரிட்டனுக்கு வேலை பார்த்த இரட்டை உளவாளிகள் மூலம் பிரிட்டன் "குண்டுகள் தாண்டிப் போகின்றன" என்ற தோற்றம் வரும்படி ஜெர்மனிக்குத் தகவல் அனுப்பியது, ஜெர்மானியர் தூரத்தைக் கூட்டிவிடக் கூடாதென்று. நகரின் நடுப்பகுதிக்கு வரவேண்டியது தெற்கத்திக்காரர் தலையில். இந்த யோசனையில் பெரும்பங்கு விஞ்ஞானி ஆர். வி. ஜோன்ஸுக்கு, குண்டுகள் அதிகம் விழுந்த டல்விச் பக்கம்தான் அவருடைய பெற்றோர் வீடும் அவர் படித்த பள்ளியும். நியாயமா என்று கேட்டால் எனக்கு இன்னும் பதில் பிடிபடவில்லை.

அடுத்த ஆயுதமான வி-2 ராக்கெட் அதே வருஷம் செப்டம்பரில் வந்தது. ஒலியைவிட வேகம் என்பதால் முதலில் வெடிக்கும், வந்த இரைச்சல் அதற்கப்புறம்தான் கேட்கும். சைரனுக்கே வேலையில்லை. நவம்பர் 25, சனிக்கிழமை மதியம், நியூ கிராஸ் உல்வொர்த் கடையில் சமையல் பாத்திரம் வந்திருக்கிறதென்று கூட்டம். போர்க்காலத்தில் பாத்திரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அங்கே ஒரு வி-2 விழுந்து 168 பேர் இறந்தார்கள். இப்போது அங்கே ஒரு நினைவுப் பலகை இருக்கிறது; நான் பலமுறை பையோடு தாண்டிப் போய்விட்டுத்தான் ஒருநாள் நின்று படித்தேன்.

உங்கள் தெருவைத் தெரிந்துகொள்ள, அந்நாளைய லண்டன் கவுன்டி கவுன்சில் வண்ணம் தீட்டி வைத்த சேத வரைபடத்தைப் பாருங்கள். கறுப்பு என்றால் முழு நாசம், மஞ்சள் என்றால் லேசான சேதம். பெரிய வட்டம் வி-1, சின்ன வட்டம் வி-2. எங்கள் தெருவில் அந்த நாலு வீடும் கறுப்பு, எங்களுடையது மஞ்சள். மாடி அறைக் கதவு இன்றுவரை சரியாகச் சாத்தாததற்கு அந்தக் குண்டுதான் காரணமென்று வருகிறவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தச்சர் மட்டும் நிலை ஈரத்தில் ஊதியிருக்கிறது என்கிறார்.